என்கிளெக்ஸ் தேர்வின் கடினமான கேள்வி வடிவங்கள்: எதற்கு எப்படித் தயாராவது

அமெரிக்காவில் பதிவு பெற்ற நர்ஸாக உரிமம் வாங்க எழுதும் என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வு 2023 ஏப்ரல் 1 முதல் புது வடிவில் நடக்கிறது. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் இதே தேர்வைத்தான் கேட்கின்றன. சென்னையிலேயே, தேர்வு மையங்களை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் மையத்தில் உட்கார்ந்து எழுதிவிடலாம்.

பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ முடித்து, ஐ.சி.யு.விலும் கேஷுவாலிட்டியிலும் பல வருஷம் டியூட்டி பார்த்தவர்கள்கூட இதில் தடுமாறுவதுண்டு. பாடம் தெரியாததால் அல்ல. நான்கு விடையில் ஒன்றை டிக் அடித்துப் பழகிய கை, எத்தனை விடை சரி என்றே சொல்லாத கேள்வியைப் பார்த்ததும் தயங்கி நிற்கிறது. வார்டில் கேஸ் ஷீட்டைப் புரட்டியவுடன் விஷயத்தைப் பிடித்துவிடும் கண், திரையில் நாலைந்து தாவலாகப் பிரிந்து கிடக்கும் கேஸ் ஷீட்டில் முக்கியமான ஒரு வரியைத் தவறவிடுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு வடிவத்துக்கும் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ப விடை போடும் பழக்கத்தை மாற்றுவது.

தேர்வின் அமைப்பு, சுருக்கமாக

குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. இடைவேளையையும் சேர்த்து மொத்தம் 5 மணி நேரம். முதல் 85-ல் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் இல்லை. வருங்காலத் தேர்வுகளுக்காக அவற்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள். எவை அந்த 15 என்று உங்களுக்குத் தெரியாது. மதிப்பெண் உள்ள 70-ல் 18 கேள்விகள் மூன்று கேஸ் ஸ்டடிகளிலிருந்து (ஒரே நோயாளியைப் பற்றிய தொடர் கேள்விகள்) வரும், கேஸுக்கு ஆறு வீதம். மதிப்பெண் இல்லாத கேஸ் ஸ்டடியும் நடுவில் வரக்கூடும். அதனால் நான்காவதாக ஒன்று வந்தால் பதற வேண்டாம்.

உங்கள் விடைகளைப் பார்த்துக் கணினி அடுத்த கேள்வியின் கடினத்தைக் கூட்டும், குறைக்கும். உங்கள் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 சதவீதம் உறுதியானதும் நிறுத்திவிடும். 85-ல் நின்றால் பாஸ், 150 வரை இழுத்தால் ஃபெயில் என்று ஹாஸ்டல் அறைகளில் சுற்றும் பேச்சில் உண்மை இல்லை. எந்த எண்ணில் நின்றாலும் இரண்டு முடிவும் சாத்தியம். கேஸ் ஸ்டடிக்குள் மட்டும் கடினம் இப்படி மாறாது. ஆறும் முன்பே கோத்து வைத்த ஆறு. எந்தக் கேள்வியானாலும் ‘அடுத்து’ என்று அழுத்திவிட்டால் திரும்பிப் போக வழியில்லை.

மூன்று மதிப்பெண் விதிகள்

தயாரிப்பை இங்கேதான் தொடங்க வேண்டும். பலர் ஆயிரக்கணக்கில் கேள்விகளைப் போட்டுப் பார்த்த பிறகும் இதைக் கவனிப்பதில்லை.

முதல் விதியில் சரியான ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, தவறுக்குக் கழிவு இல்லை. ‘மூன்றைத் தேர்வு செய்க’ என்று எண் சொல்லிக் கேட்பவை, வரிசைக்கு ஒரே விடை போடும் கட்டங்கள், கோடிட்ட இடத்துக்குப் பட்டியலிலிருந்து சொல் எடுப்பவை, நடுவில் நோயும் இருபக்கமும் செயல்களும் அளவுகளும் நிரப்பும் போ-டை (பின்னால் பார்ப்போம்) ஆகியவை இந்த வகை. இவற்றில் எதையும் காலியாக விடக் கூடாது.

இரண்டாவது, கூட்டிக் கழிக்கும் விதி. சரிக்கு ஒன்று கூடும், தவறுக்கு ஒன்று குறையும். மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ‘பொருந்துவன அனைத்தையும் தேர்வு செய்க’ என்ற கேள்வி (எல்லாரும் ‘சாட்டா’ என்று சொல்வது), நோட்ஸில் முக்கியமான வரிகளுக்கு வண்ணம் பூசும் கேள்வி, ஒரு வரிசையில் பல டிக் போடக்கூடிய கட்டம் ஆகியவை இதில் அடங்கும். கணக்கைப் பாருங்கள். ஆறு விடையில் நான்கு சரி என்று வைத்துக்கொள்வோம். எதற்கு வம்பு என்று ஆறையும் டிக் அடித்தால் நான்கு கூடி இரண்டு கழிந்து, கையில் 2. உறுதியாகத் தெரிந்த மூன்றை மட்டும் அடித்தவருக்கு 3. சந்தேகமான விடை சரியாக இருக்கும் என்று பாதிக்கு மேல் தோன்றினால் அடியுங்கள், அதற்குக் கீழே என்றால் விடுங்கள்.

மூன்றாவது, காரண விதி. ‘இந்த நோயாளிக்கு இன்னது நேரும் அபாயம் உள்ளது, அதைக் காட்டுவது இன்னது’ என்ற மாதிரி வாக்கியத்தில் இரண்டு காலியிடம் இருக்கும். இரண்டும் சரியாக இருந்தால்தான் புள்ளி. நோயைச் சரியாகச் சொல்லி அறிகுறியை மாற்றிப் போட்டால் ஒன்றும் கிடைக்காது. அதனால் இரண்டையும் நிரப்பிய பிறகு முழு வாக்கியத்தையும் ஒரு தடவை வாய்க்குள் படித்துப் பாருங்கள். பொருந்தாதது காதிலேயே இடறும்.

திரையில் இவற்றை எப்படி அடையாளம் காண்பது? விடைக்கு முன்னால் வட்டம் இருந்தால் அந்த வரிசைக்கு ஒரு விடைதான். சதுரம் இருந்தால் பல விடை அனுமதி. கேள்வியில் எண் சொல்லியிருந்தால் முதல் விதி, சொல்லாவிட்டால் கூட்டிக் கழிக்கும் விதி. பயிற்சியின்போது ஒவ்வொரு கேள்விக்கும் விடை போடும் முன் ‘இது எந்த விதி?’ என்று ஒரு நொடி கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் கண் தானாகப் பார்த்துவிடும்.

‘சாட்டா’ கேள்வி: ஆறு சின்னக் கேள்விகள்

இதை ஒரு கேள்வி என்று நினைப்பதுதான் பிரச்சினையின் வேர். ஆறு விடை இருந்தால் அது ஆறு ‘ஆமா, இல்லையா’ கேள்வி. ஒவ்வொரு விடையையும் எடுத்து, கேள்வியின் கடைசி வரியோடு ஒட்டிப் படியுங்கள். ஆமா என்றால் டிக். பிறகு அதை மறந்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். முந்தைய விடையோடு ஒப்பிடாதீர்கள். ‘இதுவரை நாலு வந்துவிட்டது, இனி இருக்காது’ என்று எண்ணாதீர்கள். ஒன்று மட்டும் சரியாக இருக்கலாம், அனைத்துமே சரியாகவும் இருக்கலாம்.

உண்மையான தகவலாக இருந்தும் கேட்ட கேள்விக்கு விடையாகாத வரிகள்தான் இதில் மிகப் பெரிய பொறி. ஒரு நோயாளி இதய மருந்தான டிகாக்சினும் சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடும் எடுக்கிறார். விடைகளில் ‘குமட்டல்’, ‘விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது’, ‘நாடி 52’, ‘பொட்டாசியம் 3.1’ எல்லாம் இருக்கின்றன. கேள்வி ‘டிகாக்சின் நச்சின் அறிகுறிகள் எவை?’ என்றால் பொட்டாசியத்துக்கு டிக் கிடையாது. பொட்டாசியம் குறைவது நச்சு ஏற்பட வழி செய்யும் காரணம், நச்சின் அறிகுறி அல்ல. அதே நான்கை வைத்து ‘மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை எவை?’ என்று கேட்டால் பொட்டாசியம் கட்டாயம் சேரும். விடை மாறவில்லை, கடைசி வரி மாறியது. அதனால் கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள், பிறகு மேலே போய் நோயாளியின் கதையைப் படியுங்கள்.

‘மேலும் விளக்கம் தேவை என்பதைக் காட்டும் பேச்சு எது?’ என்று தலைகீழாகக் கேட்பார்கள். அப்போது நீங்கள் தேடுவது நோயாளியின் தவறான பேச்சை. கையில் கொடுக்கும் அழிக்கும் பலகையில் ‘தவறு’ என்று பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு விடைகளைப் பாருங்கள். பாதி விடைக்கு மேல் போனதும் மனசு தன்னையறியாமல் சரியானதைத் தேட ஆரம்பித்துவிடும். பலகையில் இருக்கும் சொல் பிடித்து நிறுத்தும்.

கேஸ் ஸ்டடி: ஒரு பிரசவ வார்டு

ஆறு கேள்விகளும் ஒரே ஒழுங்கில் வரும்: தடயத்தைக் கண்டுபிடி, அதன் பொருளைப் பார், எது அவசரம் என்று முடிவு செய், வழிகளை யோசி, செய், பலன் கிடைத்ததா என்று பார். திரையின் ஒரு பக்கம் நர்ஸ் நோட்ஸ், வைட்டல்ஸ், லேப், ஆர்டர்கள், முந்தைய நோய் விவரம் என்று தாவல்கள் இருக்கும். மறுபக்கம் கேள்வி. ஒரு கேஸைக் கூடவே நடந்து பார்ப்போம்.

29 வயதுப் பெண், இரண்டாவது பிரசவம், சுகப்பிரசவமாகி ஒரு மணி நேரம். குழந்தை 4,200 கிராம். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் இருந்தது, சிறு வயதிலிருந்து ஆஸ்துமா. 14:00 மணிக்குக் கர்ப்பப்பை தொப்புள் மட்டத்தில் கெட்டியாக இருக்கிறது, பி.பி. 138/88, நாடி 92. 14:30 மணிக்குக் கர்ப்பப்பை தளர்ந்து, தொப்புளுக்கு 2 செ.மீ. மேலே, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்துவிட்டது. பி.பி. 118/74, நாடி 118. தலை சுற்றுகிறது என்கிறார். வெப்பநிலை 37.4. வெள்ளணு 18,000. தையல் போட்ட இடத்தில் வலி.

முதல் கேள்வி வண்ணம் பூசச் சொல்லும். இது கூட்டிக் கழிக்கும் விதி என்பதை நினைவில் வையுங்கள். தளர்ந்த கர்ப்பப்பை, ஒதுங்கிய நிலை, நனைந்த பேட், நாடி 118, தலைசுற்றல் ஆகிய ஐந்தும் தடயங்கள். வெள்ளணு 18,000 என்றதும் கை துடிக்கும். பிரசவம் முடிந்த முதல் நாளில் அது இயல்பு. 37.4-ம் இயல்பு. தையல் வலி எதிர்பார்த்ததே. இந்த மூன்றுக்கும் வண்ணம் பூசினால் ஐந்திலிருந்து மூன்று போய், கையில் இரண்டுதான் மிஞ்சும். தடயத்துக்குச் சோதனை எளிது: இந்த நிலையில் இருக்கும் நோயாளிக்கு இது எதிர்பார்த்ததா, இல்லையா? எதிர்பாராதது என்றால் மட்டும் பூசுங்கள்.

பி.பி. 118/74 தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரை மணி நேரத்துக்கு முன் 138/88. இந்த இறக்கத்தைக் கவனிப்பவருக்கு நாடி ஏன் 118 ஆனது என்று உடனே புரியும். பிரசவித்த இளம் பெண்ணின் உடல் நிறைய ரத்தம் போகும் வரை பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கும். நாடிதான் முதலில் ஏறும். 90/60 வரட்டும் என்று காத்திருப்பவருக்கு இந்தக் கேஸ் கைநழுவிவிடும்.

இரண்டாவது கேள்வி பெரும்பாலும் கட்டமாக வரும். ஒவ்வோர் அறிகுறியும் எந்தக் காரணத்தோடு பொருந்துகிறது? தளர்ந்த கர்ப்பப்பை என்றால் அது சுருங்காமல் விட்டது. கெட்டியான கர்ப்பப்பையோடு பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தால் கிழிசல். வலப்பக்கம் ஒதுங்கினால் மூத்திரப்பை நிரம்பியிருக்கிறது. கட்டத்தை வரிசை வரிசையாகவே முடியுங்கள். மேலிருந்து கீழாகப் போனால் குழப்பம்தான்.

மூன்றாவது, காரண விதியில் வாக்கியம் நிரப்புவது. ரத்த இழப்பால் வரும் ஷாக், அதைக் காட்டுவது நாடியும் நனைந்த பேடும். இங்கே ‘தொற்று, வெள்ளணு’ என்ற ஜோடியும் தனக்குள் அழகாகப் பொருந்தும்படி கொடுத்திருப்பார்கள். தனக்குள் பொருந்துவது போதாது, இந்த நோயாளிக்கும் பொருந்த வேண்டும்.

நான்காவதில் பழைய நோய் விவரத்தின் தாவலுக்குத் திரும்பிப் போகாதவர் மாட்டிக்கொள்வார். எந்த மருந்து கொடுக்கலாம், எது கூடாது என்று கேட்பார்கள். ஆக்ஸிடோசின் கொடுக்கலாம். மெத்தில்எர்கோனோவின், நம் வார்டில் மெத்தர்ஜின் என்று சொல்வது, ரத்த அழுத்தம் உள்ளவருக்குக் கூடாது. கார்போப்ரோஸ்ட் ஆஸ்துமாவுக்கு ஆகாது. மிசோப்ரோஸ்டாலுக்கு இந்த இரண்டு தடையும் இல்லை. கேஸின் முதல் வரியில் போகிறபோக்கில் சொன்ன ‘ஆஸ்துமா’ என்ற ஒரு சொல் நான்காவது கேள்வியில் புள்ளியாகத் திரும்பி வருகிறது. முதல் திரையிலேயே நோய்களையும் ஒவ்வாமைகளையும் பலகையில் குறித்துக்கொள்வது இதற்காகத்தான்.

ஐந்தாவது, முதலில் என்ன செய்வீர்கள்? இவ்வளவு ரத்தம் போகும்போது ஒரு கையால் கர்ப்பப்பையின் அடிப்பகுதியைத் தாங்கி, மறு கையால் மேல்பகுதியைத் தேய்த்துக்கொண்டே உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். மூத்திரப்பையைக் காலி செய்வது அதை அடுத்து. ‘மருத்துவரிடம் தெரிவி’ என்ற விடை எப்போதும் கண் முன் நிற்கும். நர்ஸ் தன் கையால் உடனே செய்யக்கூடிய, உயிரைப் பிடித்து நிறுத்தும் செயல் விடைகளில் இருந்தால் அதுவே முதலில்.

ஆறாவது கேள்வியில் புதிய வைட்டல்ஸ் கொடுத்து, எது முன்னேற்றம் என்று கேட்பார்கள். கர்ப்பப்பை கெட்டியாக நடுவில் வந்துவிட்டது, நாடி குறைந்தது, மணிக்கு 30 மி.லி.க்குக் குறையாமல் சிறுநீர் போகிறது. இவை முன்னேற்றம். ‘வலி குறைந்தது’ என்பது நல்ல செய்திதான், ஆனால் ரத்தப்போக்கு நின்றதற்கு அது சான்று அல்ல.

ஒரு கேஸுக்கு 12 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் திரையைப் படிக்கவே 3 நிமிடம் செலவிடலாம். அதை மிச்சம் பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு புதிய கேள்விக்கும் தாவல்களில் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய கேள்வியில் தவறாகப் போட்டிருந்தாலும் அடுத்த திரை நிலைமையைத் தெளிவாக்கிவிடும். அங்கிருந்து புதிதாகத் தொடங்குங்கள், பழைய விடையைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

போ-டை: நடுவிலிருந்து வெளியே

கழுத்தில் கட்டும் போ-டை போல நடுவில் ஒரு முடிச்சு, இருபக்கமும் இறக்கை. நடுவில் நோயின் பெயர் ஒன்று, இடப்பக்கம் செய்ய வேண்டிய செயல் இரண்டு, வலப்பக்கம் கவனிக்க வேண்டிய அளவு இரண்டு. மொத்தம் 5 புள்ளி, கழிவு இல்லை. நடுவில் தவறினாலும் இறக்கைகளில் சரியானதுக்குப் புள்ளி உண்டு.

முதுகுத்தண்டில் டி-4 மட்டத்தில் அடிபட்டு மூன்று மாதம் ஆன ஒருவர். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்க்கிறது, பி.பி. 210/110, நாடி 48. கதீட்டரோடு இணைத்த, சிறுநீர் சேரும் பையில் ஒரு மணி நேரமாக எதுவும் சேரவில்லை. நடுவுக்குக் கொடுத்திருப்பவை: தன்னியக்க நரம்புகளின் மிகை எதிர்வினையான ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா, நியூரோஜெனிக் ஷாக், மூளைக்காய்ச்சல், நுரையீரல் ரத்த அடைப்பு. பி.பி. இவ்வளவு ஏறியிருப்பதால் நியூரோஜெனிக் ஷாக் போய்விட்டது, அதில் பி.பி. இறங்கும். காய்ச்சல் இல்லை, அதனால் மூளைக்காய்ச்சலும் போய்விட்டது. நடுவில் டிஸ்ரிஃப்ளெக்ஸியா. அது தெரிந்தால் இடப்பக்கம் தானே வந்துவிடும்: நிமிர்ந்து உட்கார வை, கதீட்டர் மடங்கியிருக்கிறதா என்று பார். வலப்பக்கம் பி.பி.யும் சிறுநீர் அளவும்.

விடைகளில் ‘தட்டையாகப் படுக்க வை’, ‘ஐ.வி. திரவத்தை வேகமாக ஏற்று’ என்பவையும் இருக்கும். அவை நியூரோஜெனிக் ஷாக்குக்காக வைத்தவை. ஒவ்வொரு தவறான நோய்க்கும் அதற்குரிய செயலையும் இறக்கைகளில் தூவி வைப்பது இந்த வடிவத்தின் வழக்கம். நடுவில் இரண்டுக்கு இடையே திணறினால் இதையே திருப்பிப் பயன்படுத்தலாம்: இறக்கையில் எந்த நோய்க்கு முழுதாக இரண்டு செயலும் இரண்டு அளவும் கிடைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

டிரெண்ட்: எண்ணைப் பார்க்காதே, போக்கைப் பார்

ஒரே நோயாளியின் அளவுகளை மூன்று நான்கு நேரத்தில் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். தலையில் அடிபட்டவரின் பி.பி. 128/76, பிறகு 146/74, பிறகு 168/70. நாடி 88, 72, 54. மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்துப் பலகையில் எழுதுங்கள்: 52, 72, 98. இடைவெளி விரிகிறது, நாடி இறங்குகிறது. மூச்சும் ஒழுங்கற்றுப் போனால் மண்டைக்குள் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிட்டது. ரத்த இழப்பில் இதற்கு நேர்மாறாக நாடி ஏறும், பி.பி. இறங்கும். இந்த இரண்டு எதிரெதிர் போக்குகளும் மனசில் இருந்தால் பாதி டிரெண்ட் கேள்விகள் எளிதாகிவிடும். அளவுகளுக்குப் பக்கத்தில் மேல் அம்பு, கீழ் அம்பு போட்டுக்கொண்டு படிப்பது நல்ல பழக்கம்.

கணக்கும் வரிசைப்படுத்தலும்

கணக்குக் கேள்விக்கு எண்ணை மட்டும் தட்ட வேண்டும். எத்தனை தசமத்துக்குச் சுருக்க வேண்டும் என்று கேள்வியிலேயே இருக்கும், கடைசியில் மட்டும் சுருக்குங்கள். நடுவில் சுருக்கினால் விடை தள்ளிப்போகும். எடை பவுண்டில் வரலாம். 154 பவுண்டை 2.2-ஆல் வகுத்தால் 70 கிலோ. கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட் ஹெபாரின் என்றால் மணிக்கு 1,260 யூனிட். 250 மி.லி.யில் 25,000 யூனிட் கலந்திருந்தால் ஒரு மி.லி.யில் 100 யூனிட். ஆக மணிக்கு 12.6 மி.லி. சொட்டுக் கணக்கில் தசமம் கிடையாது: 1,000 மி.லி. 8 மணி நேரத்தில், மி.லி.க்கு 15 சொட்டு என்றால் 31.25, நீங்கள் தட்டுவது 31.

வரிசைப்படுத்தும் கேள்வியில் முதல் படியையும் கடைசிப் படியையும் முதலில் நிறுத்துங்கள், நடுவில் உள்ளவை இடம் தேடி வந்துவிடும். ரெகுலர் (சீக்கிரம் வேலை செய்வது), என்.பி.எச். (மெதுவாக வேலை செய்வது) என்ற இரண்டு இன்சுலினைக் கலக்கும்போது என்.பி.எச். குப்பிக்குள் காற்று, ரெகுலர் குப்பிக்குள் காற்று, ரெகுலரை இழு, பிறகு என்.பி.எச்.சை இழு. இப்படிக் கையால் செய்து பழகியவற்றைப் படிக்கும்போதும் கையை அசைத்துச் செய்து பாருங்கள், கை மறக்காது.

நம் வார்டுப் பழக்கம் எங்கே காலை வாரும்

மருந்துப் பெயர்களில் முதல் அடி விழும். தேர்வில் பொதுப் பெயர்தான் வரும், அதுவும் அமெரிக்க வழக்கில். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால். அட்ரினலின் எபிநெஃப்ரின், நார்அட்ரினலின் நார்எபிநெஃப்ரின். பெத்திடின் மெபெரிடின். லிக்னோகெய்ன் லிடோகெய்ன். லாசிக்ஸ் என்று பழகிய வாய்க்கு ஃபுரோசமைட் பழக வேண்டும். தெரிந்த மருந்தைத் தெரியாது என்று நினைத்துப் புள்ளியை விடுவதைப் போல வருத்தம் தருவது வேறில்லை. ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதி முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

வேலை பிரித்துக் கொடுக்கும் கேள்விகள் அடுத்தது. ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்), எல்.பி.என். (அவருக்கு அடுத்த படியில் உள்ள, உரிமம் பெற்ற நர்ஸ்), உதவியாளர் என்ற மூன்று அடுக்கு நம் வார்டுகளில் அப்படியே கிடையாது. இங்கே குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் பெரும்பாலும் உறவினர் கையில் இருக்கும். தேர்வில் அவை உதவியாளர் வேலை. நிலையாக உள்ள நோயாளியின் வைட்டல்ஸ் பார்ப்பதும், எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்று அளப்பதும் அவர் செய்யலாம். முதல் மதிப்பீடு, கற்றுக்கொடுத்தல், பலனை மதிப்பிடுதல் மூன்றும் ஆர்.என். மட்டுமே. எல்.பி.என்.னுக்கு, நிலையாக இருக்கும், என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியும் நோயாளி. ‘இப்போதுதான் அட்மிட் ஆனார்’, ‘இப்போதுதான் ஆபரேஷன் முடிந்து வந்தார்’ என்ற சொற்களைப் பார்த்தால் அவர் ஆர்.என்.னுடைய நோயாளி.

சம்மதம் மூன்றாவது. சுயநினைவோடு, புரிந்துகொள்ளும் நிலையில் உள்ள வயது வந்த நோயாளி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மகனையோ கணவரையோ கேட்டு முடிவு செய்வது தேர்வில் தவறான விடை. மொழி தெரியாத நோயாளிக்கு உறவினரை மொழிபெயர்க்கச் சொல்வதும் தவறு. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் கூப்பிட வேண்டும்.

எட்டு வாரத்தில் பழகுவது

முதல் இரண்டு வாரம் பாடத்தைத் திருப்புவதோடு வடிவங்களையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். தேர்வை நடத்தும் என்.சி.எஸ்.பி.என். தன் இணையதளத்தில் மாதிரிக் கேள்விகளை இலவசமாக வைத்திருக்கிறது. திரை எப்படி இருக்கும், எதை இழுக்க வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்பது அங்கேயே பழகிவிடும். பாடத்திட்டத்தை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவார்கள், உங்கள் தேதிக்கு உரியதை அங்கேயே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் ஒரு கேஸ் ஸ்டடி, இரண்டு தனிக் கேள்விகள் போ-டையிலோ டிரெண்டிலோ, அதோடு 40 சாதாரணக் கேள்விகள். நைட் டியூட்டி முடிந்து வரும் நாளில் கேஸ் ஸ்டடி மட்டும் போதும். அதை விடாதீர்கள். கடைசி இரண்டு வாரத்தில் இரண்டு முறை 150 கேள்வியை 5 மணி நேரத்தில், போனை அணைத்துவிட்டு ஒரே மூச்சாக எழுதுங்கள். கேள்விக்கு 2 நிமிடம் என்ற வேகம் உடம்பில் ஏற வேண்டும்.

கேள்வி எத்தனை போட்டீர்கள் என்பதைவிடத் தவறுகளை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதே பலன் தரும். தவறிய ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு பெட்டியில் போடுங்கள்: தெரியவில்லை, தெரிந்தும் தடயத்தைக் கவனிக்கவில்லை, கேள்வியைத் தப்பாகப் படித்தேன். முதல் பெட்டி நிரம்பினால் புத்தகத்துக்குத் திரும்புங்கள். இரண்டாவது நிரம்பினால் கேஸ் ஸ்டடிகளைக் கூட்டி, ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு வரி குறிப்பு எழுதிப் பழகுங்கள். மூன்றாவது நிரம்பினால் புதிய கேள்விகளை நிறுத்திவிட்டு, பழைய 50 கேள்விகளின் கடைசி வரியை மட்டும் படித்து ‘என்ன கேட்கிறார்கள்’ என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். இதில் விடை போட வேண்டியதே இல்லை.

தேர்வு நாள்

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் தேர்வு அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியலை விரித்து எழுதியதில் நம்மவர்களுக்கு அடிக்கடி சிக்கல் வரும். கடிதம் வந்த அன்றே சரிபாருங்கள். 2 மணி நேரம் முடிந்ததும் முதல் இடைவேளையைக் கணினி கேட்கும், மூன்றரை மணி நேரத்தில் இரண்டாவதை. கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனாலும் முதல் இடைவேளையை எடுத்துக்கொள்ளுங்கள். முகம் கழுவி ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு வரும் 7 நிமிடம் அடுத்த கேஸ் ஸ்டடியில் திரும்பக் கிடைக்கும். 85-ஐ எட்டுவதற்குள் நேரம் முடிந்தால் தேர்ச்சி கிடையாது. 3 மணி நேரம் கழிந்தபோது 75-க்குக் கீழே நின்றால் வேகத்தைக் கூட்டுங்கள்.

தேர்ச்சி கிடைக்காதவர்களுக்கு ஓர் அறிக்கை வரும். ஒவ்வொரு பாடப்பகுதியிலும் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா, அருகிலா, கீழா என்று அதில் இருக்கும். அடுத்த முயற்சிக்கு 45 நாள் இடைவெளி. அந்த அறிக்கையை உங்கள் மூன்று பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்து, ‘கீழே’ என்று வந்த பகுதிகளிலிருந்து கேஸ் ஸ்டடிகளைத் தொடங்குங்கள்.